நனைந்த பிளக்

எஞ்சினில் இருக்கும் பிளக்கின் தலையில் மழைத்தண்ணீர் தெறித்திருக்கிறது, அவ்வளவுதான். உலர்ந்த துணியால் அதையும் ஒயரையும் துடைத்தால் வண்டி கிளம்பிவிடும். பின்சீட்டில் இருந்த எல்சிக்கு அது தெரிந்தது. சொல்லத்தான் மனம் வரவில்லை.

வெளியே டிரைவர் ஜெயவேல் வண்டியைக் கிளப்ப முன்பக்கம் செருகிய ஹேண்டிலை மூச்சிரைக்கச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, பெட்ரோல் கீதா?" என்று கேட்டார் எல்சியின் அப்பா அருள்நாதன்.

"ரொம்பக் கீது மொதலாளி. வண்டிக்குத்தான் மாதா கோயிலுக்கு வர இஷ்டமில்ல."

"வாய மூடிக்கினு சுத்து. ராயபுரத்துல சாமியார் காத்துக்கினு கீறாரு. லேட்டானா மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எழுந்து பூடுவாங்க."

மறுபடியும் சுற்றினான். வண்டி அசையவில்லை. அருள்நாதன் பின்கதவைத் திறந்தார்.

"எல்சி, நம்ம வாடகை வண்டிங்களை எல்லாம் ரிப்பேர் பாக்கறவ நீதானே. கொஞ்சம் எறங்கிப் பாரும்மா."

எல்சி முகத்தை மூடியிருந்த வெள்ளை வலையை விலக்கினாள். இந்தக் கல்யாணம் வேண்டாமென்று அவள் அழுதபோது அவர் ஒருமுறைகூட இப்படித் தணிந்து பேசியதில்லை.

"என் பொண்ணு இனிமே மோட்டார்ல கையே வெக்க மாட்டான்னு மாப்பிள்ளை வூட்டுக்கு வாக்குக் குடுத்துட்டியே நைனா" என்றாள் மெதுவாக. "அத நான் எப்படி மீறறது?"