முதல் கையெழுத்து

சின்னசேலத்தில் மரப்பேனா கடைந்து விற்கும் சக்கரவர்த்தி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“வாங்க தலைவரே! பேனா ரெடி. புடிச்சிப் பாருங்க.”

இளஞ்செழியன் வலது கையால் பிடித்தான். பேனாவின் பள்ளத்தில் விரல்கள் சரியாக உட்காரவில்லை.

“நீங்க சொன்னாப்பலதான் நொட்டாங்கைக்குப் பள்ளம் வெச்சேன். இப்ப சோத்தாங்கையில புடிக்கிறீங்களே?”

“இருக்கட்டுங்க. இன்னும் எழுத்து வெட்டலியே?”

“இன்னா வெட்டணும், சொல்லுங்க.”

“முதல் கையெழுத்துன்னு போட்டு, நாளைக்குத் தேதி போடுங்க.”

சக்கரவர்த்தி சிரித்துவிட்டார். “நாளைக்கு கிராம சபைதானே? நாலு வருஷமா ஊராட்சிப் பேப்பர்ல போட்டுக்கினுதானே இருக்கீங்க. இது எப்படி முதலாவும்? சரி, பேரு? தலைவர் இளஞ்செழியன்னு வெட்டிடவா?”

“தலைவர் தேவிப்ரியான்னு வெட்டுங்க.”

சக்கரவர்த்தி உளியைக் கீழே வைத்தார். “உங்க வூட்டுக்காரம்மாவா?”

“ஓட்டு வாங்கி ஜெயிச்சது அவதானே. அவ பேர நான்தான் போட்டுக்கினு இருந்தேன். போன வாரம் ஒரு பேப்பர எடுத்தாந்து, ‘என் கையெழுத்து எவ்ளோ அழகா இருக்குது! எனக்கும் கொஞ்சம் கத்துக் குடுங்களேன்’னு கேட்டா.”

“அவங்களுக்கு நொட்டாங்கைப் பழக்கமா?”

“ஆமாங்க.” இளஞ்செழியன் பேனாவை மறுபடி வலது கையில் பிடித்துப் பார்த்துவிட்டு நீட்டினான்.

“பள்ளத்த இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. பழக்கத்துல நான் எடுத்தாலும், என் கையில நிக்கக் கூடாது.”