கம்பளி ஆந்தை

கணினியில் வண்டி எண்ணைத் தட்டிவிட்டு என் கணவர் நார்மன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் அடுப்பங்கரை வாசலிலேயே நின்றேன்.

சில வாரங்களாகத் தினமும் காலையில் இதே கூத்துதான். எங்கள் மகள் ஹெதரின் பழைய சின்னக் கார் வருடாந்திரச் சோதனைக்குப் போக வேண்டிய நாள் தாண்டிவிட்டது. பதிவு ஏறவே இல்லை.

அன்று படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவளோடு நார்மன் தெருவே கேட்கச் சண்டை போட்டார். ஹெதர் பையைத் தூக்கிக் காரில் எறிந்தாள்.

"அந்த டப்பா பார்ன்ஸ்லி ஊரக்கூடத் தாண்டாது. நீயே திரும்பி வருவ, பாரு!" என்றார் நார்மன்.

வரவில்லை. ஆறு வருடமாகிறது. தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள்.

எங்களுக்கு மிஞ்சியது அந்த வண்டி எண் மட்டும்தான். இந்த நாட்டில் எண் தெரிந்தால் போதும், எந்த வண்டியின் சோதனைப் பதிவையும் யாரும் கணினியில் பார்க்கலாம். யாருடையது, எந்த ஊர் என்றெல்லாம் இருக்காது. எத்தனை மைல் ஓடியது, என்ன குறை, தேறியதா இல்லையா, அவ்வளவுதான்.

நார்மனுக்கு அது போதும். காலமெல்லாம் பட்டறையில் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். ஒரு வருடம் டயர் தேய்ந்திருக்கிறது என்று வந்தது. கையில் காசில்லை போலிருக்கிறது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுவருடம் அந்தக் குறை இல்லை. கடைக்குப் போய் எனக்குக் கேக் வாங்கி வந்தார். அருமையான வண்டி, இன்னும் ரொம்ப நாள் ஓடும் என்று பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையடித்தார். டப்பா என்று சொன்ன அதே வாய்.

நான் தேடுவது ஒரே ஒரு வரியை.

'முன்கண்ணாடி அருகே தொங்கும் பொருள் ஓட்டுநரின் பார்வையை மறைக்கலாம்.'

நான் பின்னிக் கொடுத்த கம்பளி ஆந்தை அது. அளவு கொஞ்சம் கூடிப்போய்விட்டது. உருளைக்கிழங்குக்குக் கண் வைத்த மாதிரி இருக்கிறது என்று நார்மன் கேலி செய்வார். வருடா வருடம் சோதனைக்காரர் குறை எழுதுகிறார். அவளோ கழற்றுவதாக இல்லை. என் மகள் என்னிடம் பேசியதெல்லாம் அந்த ஒரு வரிதான்.

"வந்திருச்சு! நேத்துதான் போயிருக்கு. பாஸ்!"

நான் ஓடினேன்.

மைல் ஏறியிருந்தது. பிரேக் குழாயில் லேசாகத் துரு. முன்பக்க டயர் ஒன்றில் சிறு வெடிப்பு.

ஆந்தை இல்லை.

திரையில் தெரிந்ததை மறுபடி படித்தேன். இல்லை.

"வித்துட்டா, நார்மன். வேற யாரோ ஓட்டுறாங்க."

அவர் பக்கத்தை மெல்லக் கீழே இறக்கினார். அங்கே இன்னொரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டுகிறவர்போல வாய்விட்டுப் படித்தார்.

'பின்சீட்டில் குழந்தை இருக்கை பொருத்தப்பட்டிருந்ததால் பெல்ட்டை முழுமையாகச் சோதிக்க இயலவில்லை.'

நார்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அதான் இந்த வருஷம் லேட்டு" என்றார். "விக்கல. சின்னது கேட்டு அழுதிருக்கும். உருளைக்கிழங்கக் கழட்டிக் கையில குடுத்திருக்கா."