அம்புக்குறி ஆட்டம்

"நூறாம்! மறுபடியும் நூறாம்!" செல்போனைக் கட்டில்மேல் எறிந்தாள் செண்பகம். "ஒரு மிஸ்கூட இல்லியாம். திண்டிவனத்துல உக்காந்துகினு, எனக்குப் போன் போட்டுச் சொல்றாங்க உங்க அண்ணி!"

மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தனியாக்கிக்கொண்டிருந்த கணவர் ராஜவேலு நிமிர்ந்தார். "உக்காந்துகினு எப்பிடி நூறு எடுப்பாங்க? ஆடித்தானே எடுக்கணும்?"

செண்பகம் அவரைப் பார்த்த பார்வையில், பச்சை மல்லாட்டை வறுபட்டது.

எல்லாம் நாத்தனார் ஜெயம் செய்த வேலை. குவைத்திலிருந்து வந்தவள், இரண்டு அண்ணிகளுக்கும் ஆளுக்கொரு நடன விளையாட்டு வாங்கி வந்திருந்தாள். டிவியோடு சேர்க்க ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் வயரைச் செருகித் தரையில் விரித்துக்கொள்ள ஒரு டான்ஸ் மேட். திரையில் அம்புக்குறி ஏறி வரும். மேட்டில் இருக்கும் அதே அம்புக்குறியை மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் 'பர்ஃபெக்ட்'. தவறினால் 'மிஸ்'.

கொடுத்ததோடு விட்டாளா? "தை மாசம் என் பொண்ணு ஷாலினிக்குக் கல்யாணம். ரிசப்ஷன்ல பொண்ணுக்கு முன்னாடி ஆடிக்கினு வர ஒரு அத்தை வேணும். ஒரே அத்தைதான். யாருக்கு மார்க் அதிகமோ அவங்க" என்று ஒரு வெடியையும் கொளுத்திப் போட்டிருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் இதுவரை நடந்த நூற்றெட்டு விசேஷங்களில் நூற்றேழுக்கு ஆரத்தி எடுத்தவள் திண்டிவனத்து மூத்தவள் தேவயானி. மிச்சம் ஒன்றில் அவளுக்குக் காய்ச்சல். இந்த மேடையையாவது விடுவதில்லை என்று செண்பகம் முடிவு கட்டினாள்.

ஆடினாள். விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கமே குலுங்க ஆடினாள். கீழ் போர்ஷன் சீனுவாசன் வீட்டுக் காலண்டர், அந்த அதிர்ச்சியில் தானாகவே ஆறு மாதம் கிழிந்து விழுந்தது. முழங்கால் இரண்டும் பலாப்பழமாக வீங்கின. மார்க் மட்டும் அறுபத்திரண்டைத் தாண்டவில்லை.

களைத்துப்போய் அவள் சோபாவில் சாய்ந்தால், கொஞ்ச நேரத்தில் திரையிலிருக்கும் பொம்மை தானாகவே ஒரு பாட்டை மாதிரிக்கு ஆடிக் காட்டத் தொடங்கும், ஒரு தப்பும் இல்லாமல், நூற்றுக்கு நூறாக.

"நீயும் அவங்க கட்சியா?" என்று டிவியைப் பட்டென்று அணைப்பாள்.

போட்டி நாள் வந்தது. திண்டிவனம் கிடங்கலில் தேவயானி வீடு. ஃபிரிட்ஜுக்குப் பூப்போட்ட உறை. மிக்சிக்குப் பூப்போட்ட உறை. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. அந்த வீட்டில் மேலுக்கு ஒன்றும் போடாமல் இருந்தது மாமனார் கொளஞ்சி மட்டும்தான்.

தரையில் டான்ஸ் மேட் கிடந்தது, கடையிலிருந்து வந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவரோடு.

"இன்னும் கவரைப் பிரிக்கலியாக்கா?"

"பிரிச்சா ரெண்டே நாள்ல அழுக்காயிடும் செண்பகம். நான் எதையும் பிரிக்கறதில்ல."

தேவயானி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கவர்மேல் ஏறி நின்றாள்.

"ஸ்டார்ட் அமுக்கலியா?"

"நமக்கு அதெல்லாம் கெடையாது. கொஞ்ச நேரம் நின்னா, அதுவே மரியாதையா ஆரம்பிச்சிக்கும்."

ஆரம்பித்தது. தேவயானி கையை ஒரு சுழற்று, காலை ஒரு தட்டு. பர்ஃபெக்ட். தப்பாக மிதித்தாளே என்று செண்பகம் நினைக்கும்போதும் பர்ஃபெக்ட். கடைசியில் நூறு! செண்பகத்தின் வயிற்றில் எரிந்த நெருப்பில் அண்டா அண்டாவாகப் பிரியாணி செய்து ஊருக்கே பரிமாறியிருக்கலாம்.

"சின்ன அண்ணி, ஜல்தி வாங்க!" என்றாள் ஜெயம்.

செண்பகம் கவர்மேல் நின்றாள். கால் வழுக்கியது.

"நீயும் ஒண்ணும் அமுக்காத. சும்மா நில்லு, தானா வரும்" என்றாள் தேவயானி, தோற்கப் போகிறவளிடம் காட்டும் இரக்கத்தோடு.

பாட்டு வந்தது. செண்பகம் ஆடினாள். இடது காலை வைத்தாள், பர்ஃபெக்ட். தடுமாறினாள், பர்ஃபெக்ட். மூன்று மாத உழைப்பு வீண் போகவில்லை! வலியை மறந்தாள், வயதை மறந்தாள். பாட்டு முடிந்து திரை மின்னியது. நூறு!

அவள் போட்ட கூச்சலில் கிடங்கல் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் மரக்காணம் வரைக்கும் பறந்தன.

"ரெண்டு பேரும் நூறா? பேஜாரு விட்டுச்சு. ரெண்டு அத்தையுமே ஆடுங்க!" என்றாள் ஜெயம்.

முதல்முறையாகத் தேவயானியின் முகம் சுண்டியது. "அறுபத்திரண்டுன்னுதானே சொல்லிக்கினு இருந்த? இங்க வந்ததும் எப்பிடி நூறு?"

"ஆசீர்வாதம்க்கா, உங்க வீட்டு ராசி" என்று செண்பகம் குழைந்தாள். தேவயானியின் பொறாமையைப் பார்க்கப் பார்க்க முழங்கால் வீக்கம் இறங்குவதுபோல் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தன் மானத்தைக் காப்பாற்றிய மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள் செண்பகம். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மேட்டின் வயர், பெட்டியில் செருகப்படாமல், கம்பெனியில் போட்ட ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல் அந்தக் கவருக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

செண்பகம் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேட்டை இழுத்து, வயர் கண்ணில் படாதபடி மடித்து வைத்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. இந்தக் கவரை மட்டும் எந்தக் காலத்துலயும் பிரிச்சிடாதீங்க!"