ஈரமாக இருந்த ஷாம்பு கட்டி

“எந்தக் கழுதைடி தலைக்குக் குளிச்சது?”

குளியலறை வாசலில் நின்று மாமியார் லியோன்சியா கத்தினாள். அவள் கையிலிருந்த ஷாம்பு கட்டியில் நுரைகூட அடங்கவில்லை.

முன்னறையில் அவள் மகன் டியோவின் சவப்பெட்டி இருந்தது. பிணம் வீட்டில் இருக்கும்போது யாராவது குளித்தால் அடுத்த சாவும் அங்கேதான் என்பது இலோய்லோ ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராத்திரி முழுக்கச் சீட்டாடியபடி துணைக்கு இருந்தவர்களும் விடியுமுன்பே போய்விட்டார்கள்.

“நான் இல்ல அத்தை!” என்றாள் டியோவின் மனைவி நெனிட்டா.

“உன்னைத் தவிர யாருடி இதைத் தொடுவா? பாட்டில்னா தெரிஞ்சே இருக்காது. கட்டி காட்டிக் குடுத்துடுச்சு!”

முடி கொட்டுகிறதென்று தேங்காய்ப்பாலும் எலுமிச்சம்புல்லும் சேர்த்த அந்தக் கட்டிக்கு நெனிட்டா மாறியபோது டியோ விழுந்து விழுந்து சிரித்தான். “துணி சோப்பையா தலைக்குப் போடுற? உசுரு இருக்கிற வரைக்கும் நான் அதைத் தொட மாட்டேன்!”

லியோன்சியா மருமகளின் கூந்தலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியது. அவளுடைய குரல் இறங்கியது.

“அப்ப யாருடி?”

முன்னறையிலிருந்து எலுமிச்சம்புல் வாசனை வந்தது.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். சவப்பெட்டி மூடியின் கண்ணாடி பனி மூடியதுபோல் மங்கியிருந்தது. நெனிட்டா தன் சட்டைக் கையால் துடைத்தாள். போகவில்லை. ஈரம் உள்பக்கம் இருந்தது.

மங்கலுக்கு அடியில், படிய வாரிய தலையிலிருந்து ஒரு சொட்டு டியோவின் நெற்றியில் இறங்கியது.

“சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க,” என்றாள் நெனிட்டா.