சுரங்கத்துத் தம்பி

நட்சத்திரங்கள் மோதினால் பூமிக்கு வந்து சேரும் மெல்லிய அதிர்வைப் பிடிக்க இரண்டு அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணன் உருளை ரோட்டோரக் கட்டடத்தில், தம்பி உருளை தொலைதூரச் சுரங்கத்தின் அடியில். இரண்டும் ஒரே நொடியில் நடுங்கினால்தான் அது நட்சத்திர அதிர்வாகச் செல்லுபடியாகும்.

லாரி போனாலே அண்ணன் நடுங்கிவிடும். "என்னண்ணே, இன்னிக்கும் லாரியா?" என்று அதன் நடுக்கத்தைத் தாளில் கோடாக வரையும் பேனா சலித்துக்கொள்ளும். கூசிப்போன உருளை, எது வந்தாலும் அடக்கிக்கொள்ளப் பழகியது.

ஒரு மத்தியானம் ரோடு காலியாகக் கிடக்கையில் அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதையும் அடக்கிக்கொண்டது.

மறுநாள் பேனா கேட்டது: "நேத்து மத்தியானம் உங்க தம்பி நடுங்கினாராம். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

கேலிக்குப் பயந்து, "இல்லையே" என்றது உருளை.

"அப்போ அவருக்கும் லாரிதான்" என்று சுரங்கத்திலிருந்து வந்த தாளில் தம்பியின் நடுக்கக் கோட்டை அடித்துவிட்டது பேனா.

சுரங்கத்துக்குள் ஏது லாரி என்று சொல்ல அண்ணனுக்கு நா எழவில்லை.