ஒரு ரவுண்டு

"ஒரு ரவுண்டு போய்ப் பாப்போமா?"

கேட்டவன் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞன். பலாமரத்தடியில் நின்ற சிவப்பு மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் குந்தியிருந்தவன், கேற்றைத் தள்ளிக்கொண்டு சசிகரன் உள்ளே வந்ததும் எழுந்து நின்றான்.

சசிகரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. விலைக்கு வந்திருக்கும் வண்டியை ஓட்டிப் பார்க்க எப்படிக் கேட்பது என்றுதான், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மாத்தளையிலிருந்து அலுவிகாரை வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தார்.

"தாராளமா! மன்னிச்சுக்குங்க தம்பி, பஸ் லேட்டாயிடுச்சு. ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இல்ல சேர், இப்பதான். முதல்ல நீங்க ஓட்டுங்க, நான் பின்னால இருக்கேன். திரும்பி வர்றப்ப நான் எடுக்கிறேன்."

சாவி வண்டியிலேயே தொங்கியது. டாங்கியில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

"என்னா அழகா வச்சிருக்கு!" என்றார் சசிகரன், தன்னை மறந்து.

"அதான் சேர். ஒரு கீறல் இல்ல பாருங்க" என்றான் அவனும் பெருமையாக.

சசிகரன் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர். கல்யாணத்தோடு கைவிட்ட பைக் ஆசை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு திரும்பி வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. மனைவி சிவதர்ஷினி எத்தனையோ தடவை தலையாட்ட மறுத்தவள், இன்று காலையில்தான் இறங்கி வந்தாள். "ஓட்டிப் பாருங்க. மனசு நிறைஞ்சா எடுங்க. இல்லன்னா இந்தப் பேச்சு இனி வீட்டுல வேணாம்." ஆசை ஒரு பக்கம் இருந்தாலும், ஓட்டும் பழக்கம் விட்டுப் போயிருக்குமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது.

கிளச்சை விட்டதும் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. கை எதையும் மறந்திருக்கவில்லை.

பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் அடக்கமாகப் போய், பல்லேபொலப் பக்கம் பிரியும் பாதையில் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். ரோட்டில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் மிளகுக் கொடி ஏறிய மரங்கள். எங்கோ ஒரு முற்றத்தில் கராம்பு காய்ந்த வாசனை மூக்கில் ஏறி, அடுத்த நொடியே பின்னால் போய்விட்டது.

"ஃபுல்லா இழுங்க சேர், பாப்போம்!" பின்னாலிருந்து சத்தம் போட்டான் இளைஞன்.

சசிகரன் இழுத்தார். வயல்வெளி நடுவே நேராகக் கிடந்த ரோட்டில் வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. சட்டை முதுகில் பலூனாக உப்பியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வரப்பில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. வளைவு வந்தபோது கை தானாகவே வேகத்தைக் குறைத்தது. அவர் உடம்பைச் சரித்தார், வண்டி சொன்னபடி சரிந்தது, பின்னாலிருந்தவனும் ஒரே உடம்பு போலச் சேர்ந்து சரிந்தான். வளைவைத் தாண்டி நிமிர்ந்ததும் சசிகரன் வாய்விட்டுச் சிரித்தார். இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

பல்லேபொலைக்குக் கிட்ட ஒரு மதகில் வண்டியை நிறுத்தினார்கள். இளைஞன் தன் பெயர் றெக்சன் என்றான்.

"சேர், சும்மா சொல்லல. அந்த வளைவுல நீங்க போட்ட போடு! கை வண்டியோட ஒட்டிப் போயிருக்கு."

சசிகரனுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. "வண்டி அப்படி, தம்பி."

றெக்சன் சீட்டைத் தடவிக் கொடுத்தான். "இத விட்டுக் கொடுக்க ஒரு ஆளுக்கு மனசு வருமா சேர்?"

அந்தக் குரல் சசிகரனை உருக்கிவிட்டது. பாவம், என்ன கஷ்டமோ. "வராதுதான் தம்பி" என்றார் மெதுவாக. "ஆனா எந்தக் கைக்குப் போனாலும் புள்ள மாதிரிப் பாத்துக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கு நான் பொறுப்பு சேர்" என்று றெக்சன் நெஞ்சில் கை வைத்தான்.

நல்ல மனசுக்காரன், இவனிடம் வாங்குவது ராசிதான் என்று நினைத்துக்கொண்டார் சசிகரன்.

திரும்பும்போது றெக்சன் ஓட்டினான். வீடுகள் வந்த இடத்தில் சைக்கிள் வேகத்துக்குக் குறைத்தான். குறுக்கே வந்த எருமைக்கு நின்று வழிவிட்டான். வெறும் ரோடு கிடைத்ததும், "புடிச்சுக்கங்க சேர்!" என்று ஒரே இழுப்பு. பின்னாலிருந்த சசிகரனுக்கு அந்த ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. வேகம் தெரிந்தவன், எங்கே நிறுத்துவது என்றும் தெரிந்தவன்.

பலாமரத்தடியில் வண்டி நின்றபோது அவர் மனசு தளும்ப நிறைந்திருந்தது.

"தம்பி, சுத்தி வளைச்சுப் பேசல. எனக்கு வண்டி புடிச்சிருக்கு. கடைசி விலையச் சொல்லுங்க."

றெக்சன் இறங்காமலே அவரைத் திரும்பிப் பார்த்தான். "நான் எதுக்கு சேர் விலை சொல்லணும்? வாங்க வந்தவன் நான். வண்டி உங்களதுதானே?"

சசிகரன் வாய் திறப்பதற்குள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு தடித்த மனிதர், போனைக் காதில் வைத்தபடி முற்றத்துக்குப் பாய்ந்து வந்தார்.

"பொலிஸ்தானே? சேர், நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள என் பைக்கைக் கொண்டு போன கள்ளனுங்க, இந்தா, ரெண்டு பேரும் திரும்பி வந்து என் முத்தத்துலயே விலை பேசிக்கிட்டு நிக்கிறானுங்க!"