மெத்தை மேல் மதிப்பீட்டாளர்

மெத்தைத் தொழிற்சாலையின் காட்சி அறையில் அப்போது இருந்தவர்கள்: முதலாளியான பெரியவர், கணக்குவழக்கைப் பார்க்கும் அவருடைய தங்கை, விற்பனையைக் கவனிக்கும் மாப்பிள்ளை, மூலை நாற்காலியில் கண்ணை மூடி யோசனையில் இருந்த தரக்கட்டுப்பாட்டு மேலாளர், அதாவது பெரியவரின் மைத்துனர், அப்புறம் தர விருதுக் குழு அனுப்பிய மதிப்பீட்டாளர்.

கடைசியாகச் சொன்னவர் கட்டிலில் படுத்திருந்தார். படுத்திருந்தார் என்பதைவிடக் கிடந்தார் என்பதே பொருத்தம். வாய் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

காலையிலிருந்து அந்த மனிதர் தொழிற்சாலையைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தார். கழித்த துணி எங்கே போகிறது, தையல் விட்டால் யார் கண்ணில் படும், புகார் வந்தால் யார் பதில் சொல்வது என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில், சரக்கையும் சோதித்துப் பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாதீர்கள் என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார். மைத்துனரை மட்டும் எழுப்பவில்லை. அவருடைய யோசனையைக் கலைக்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

நெடுநேரம் கதவு திறக்காததால் உள்ளே வந்து பார்த்தால், இந்தக் கோலம்.

"அசையவே மாட்டேங்கிறாரே அண்ணா" என்றாள் தங்கை.

"அசந்து தூங்கியிருப்பார்."

"நம்ம மெத்தையிலயா?"

முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து மரப்பலகையில் படுப்பவர் பெரியவர். சொந்தச் சரக்கின் தரம் அவருக்குத் தெரியாதா?

விருதுக்காக ஓர் ஆண்டாய் எல்லாவற்றுக்கும் நடைமுறை எழுதி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் என்ன செய்வது, மின்சாரம் நின்றால் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. மதிப்பீட்டாளர் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

அந்த விருது பெரியவருக்கு வெறும் கேடயம் இல்லை. சென்ற ஆண்டு அதை வாங்கியவர் குழாய் செய்து விற்கும் சம்பந்தி. கூடத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து அதை வைத்திருந்தார். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பெரியவருக்குச் சோறு தொண்டையில் நின்றது.

தங்கை குனிந்து, மதிப்பீட்டாளரின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்தவளின் பார்வை நடு மேசையில் இருந்த காப்பிக் கோப்பையில் விழுந்தது. காலிக் கோப்பை. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

காப்பி கொண்டுவந்து வைத்தவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை யார்? சம்பந்தியின் பிள்ளை.

"மாப்பிள்ளை, காப்பியில என்ன கலந்தீங்க?" என்று பெரியவர் மெல்லக் கேட்டார். மாப்பிள்ளையை ஒருமையில் பேசுவது அந்தக் குடும்பத்தில் கிடையாது, கொலைகாரராகவே இருந்தாலும்.

மாப்பிள்ளை கோப்பையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல அத்தை போட்டுக்கிற தூக்க மாத்திரை மாமா. ரெண்டே ரெண்டு."

"எதுக்கு?"

"அவர் நம்ம மெத்தையில தூங்கணுமே மாமா. எனக்கு வேற வழி தெரியல."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டதாகவும், அப்பன் வீட்டுக் கேடயத்துக்குத் துணை வேண்டாம் என்றுதான் இப்படிச் செய்திருப்பதாகவும் பொரிந்து தள்ளினாள். பெரியவர் கையை உயர்த்தி அடக்கினார்.

"டாக்டரைக் கூப்பிடு. இவர் கண்ணு முழிச்சதும் நடந்ததை நானே சொல்லிடறேன். விருதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போலீஸ் வந்தா நான் போறேன். வந்தவருக்கு மருந்து வச்ச வீடுன்னு பேர் வரக் கூடாது."

"சம்பந்தி சிரிப்பாரே அண்ணா."

"சிரிக்கட்டும். பெத்தது அவர்தானே."

தங்கை தொலைபேசியை எடுப்பதற்குள், கட்டிலில் இருந்தவர் கையைக் காலை நீட்டிச் சோம்பல் முறித்தார். எழுந்து உட்கார்ந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவர்போல் சுற்றிலும் பார்த்தார்.

பெரியவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு கட்டிலருகே போய்க் கைகூப்பி நின்றார். வாழ்நாளில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவர் இல்லை.

"சார், உங்களுக்கு வச்ச காப்பியில..."

"காப்பியா? நான் தொடவே இல்லையே. டாக்டர் விட்டுடச் சொல்லி ரொம்ப நாளாச்சு. எனக்குத் தூக்கமே வராது சார். எத்தனை ஓட்டல், எத்தனை மெத்தை, எங்கேயும் புரண்டு புரண்டுதான் படுப்பேன். இன்னிக்குத் தலையை வச்சதுதான் தெரியும்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. பெரியவர் திறந்த வாயைக் கௌரவமாக மூடிக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் போகும்போது தம் வீட்டுக்கு இரட்டைக் கட்டில் அளவில் ஒரு மெத்தைக்குச் சொல்லிவிட்டு, முழு விலையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டுத் தர விருது மெத்தைத் தொழிற்சாலைக்கே வந்தது. பெரியவர் முதல் வேலையாகச் சம்பந்தியை விருந்துக்கு அழைத்தார்.

மாப்பிள்ளையின் வாய் சும்மா இருக்குமா? மதிப்பீட்டாளருக்குத் தூக்க மாத்திரை கொடுத்து வாங்கிய விருது என்று ஊரில் ஒரு பேச்சு இன்றும் இருக்கிறது.

அது சுத்தப் பொய். அந்தக் காப்பியைக் குடித்தவர் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். மறுநாள் மதியம் வரை அவர் கண் திறக்கவில்லை, அந்தத் துறையின் வேலையில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.